நாத்தனார் தந்த பழைய கார் சீட்டை என் மகளுக்குப் பயன்படுத்தலாமா, டாக்டர்?

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே நான்கு புகைப்படங்கள். சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்குப் பத்து மாதம், எடை எட்டரை கிலோ. இதுவரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் போய்வந்திருக்கிறார்கள். இப்போது அவர் வேலைக்குத் திரும்புகிறார். தினமும் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும், வண்டி ஓட்டப்போவதும் அவர்தான். புதுச் சீட்டின் விலையைப் பார்த்து மலைத்துப்போய்ப் பழையதைத் தேடியதில் மூன்று கிடைத்திருக்கின்றன.

முதலாவது நாத்தனார் கொடுத்தது. வாங்கி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள். அப்புறம் மூன்று வருடம் பரணில் கிடந்தது. உறையைத் துவைத்து, பளிச்சென்று துடைத்து, காசு வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வாசகியும் தன் பங்குக்கு வார்களைக் கழற்றி ப்ளீச் போட்டு வாஷிங் மெஷினில் துவைத்திருக்கிறார். பக்கிளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்கில் நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் நாத்தனாருக்கு ஞாபகம் வந்திருக்கிறது: ஒருமுறை சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த வண்டி இடித்து, டிக்கி நசுங்கி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்களாம். "ஆனால் அன்னைக்கு சீட்டில் பிள்ளை யாரும் இல்லை" என்றாராம்.

இரண்டாவது இணையத்தில் விற்பனைக்கு வந்த ஒன்று. "மூன்று மாதம்தான் பயன்படுத்தினோம், புதுசு மாதிரி", பாதி விலைக்கும் குறைவு. மூன்றாவதை வாசகி இரண்டே வரியில் தள்ளிவிடுகிறார்: "ஆபீஸ் தோழி ஒருத்தியும் தருகிறேன் என்றாள். வாங்கி மூன்று வருடம், கையேடு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறாளாம், பையன் வளர்ந்துவிட்டதால் பெரியது வாங்கிவிட்டார்கள். ஆனால் சீட்டெல்லாம் வாந்திக் கறை, நாற்றம் வேறு, அதனால் வேண்டாம் என்று நினைக்கிறேன்."

அவருடைய கேள்விகள்: நாத்தனார் சீட்டைப் பயன்படுத்தலாமா? காலாவதி தேதி என்பது கம்பெனிக்காரர்களின் விற்பனைத் தந்திரம் என்று கணவர் சொல்வது சரியா? ஒரு வயது முடிந்ததும் குழந்தையை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடலாமா? "நாங்கள் எல்லாம் மடியில் வைத்து வளர்க்கலையா" என்கிற மாமியாருக்கு என்ன பதில்? வேண்டாம் என்று சொன்னால் நாத்தனார் மனம் நோகுமே, அதற்கு என்ன செய்வது?

இனி உங்களுடன் நேராகப் பேசுகிறேன்.

வணக்கம். கடைசிவரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமோ இருக்காதோ, கைக்குழந்தைக்காரி, அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாத்தனார் கொடுத்தது வேண்டாம். இணையத்தில் பார்த்ததும், நீங்கள் எழுதியிருக்கிற அளவில், வேண்டாம். நீங்கள் இரண்டு வரியில் ஒதுக்கின அந்த வாந்திக் கறைச் சீட்டைத்தான் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன்.

கடிதம் முழுக்க நீங்கள் சீட்டின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பளிச்சென்று இருக்கிறது, கறை இருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது. இயல்புதான், பழைய பொருள் எதை வாங்கினாலும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம். கார் சீட்டில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு என்ன நடந்திருக்கிறது, அது யாருக்கு முழுசாகத் தெரியும், இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். கறையைத் துடைத்துவிடலாம், விபத்தைத் துடைக்க முடியாது.

அந்த வெள்ளைக் கோடு

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கிள் வார் வெளியே வருகிற துளையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை இழை கிளம்பி, வளைந்து, உறைக்கு அடியில் மறைகிறது. உரசியதால் வந்த கீறலாக இருந்தால் நேராக, மேலோட்டமாக இருக்கும், விரல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டும். பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்து திரும்பினால்தான் உள்ளிருந்து இப்படி வெளுக்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒடிகிற அளவுக்கு வளைத்து விட்டுப் பாருங்கள், வளைத்த இடத்தில் இதே வெள்ளைதான் வரும். படத்தை வைத்து நூறு சதவீதம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் வார் இழுபடுகிற இடத்தில், விபத்தில் இருந்த ஒரு சீட்டில் இப்படி ஒரு கோடு என்றால் எனக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

"சீட்டில் பிள்ளை இல்லையே" என்பது நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதும் கூட. காலிச் சீட்டுக்கும் எடை உண்டு. கார் திடீரென்று தள்ளப்படும்போதோ நிற்கும்போதோ அந்த எடையை இழுத்துப் பிடித்தது கார் பெல்ட்டும் அது நுழைகிற பிளாஸ்டிக் வழியும்தான். பிள்ளை இருந்திருந்தால் விழுந்திருக்கிற பளுவைவிடக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பல தயாரிப்பாளர்கள் விபத்தின்போது சீட் காலியாக இருந்தாலும் மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதிவிடுகிறார்கள்.

எல்லா இடிக்கும் சீட்டைத் தூக்கிப் போட வேண்டுமா என்றால், அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. இடித்த பிறகு காரை ஓட்டிக்கொண்டே போக முடிந்திருக்க வேண்டும். சீட்டுக்குப் பக்கத்துக் கதவு சேதமாகியிருக்கக் கூடாது. உள்ளே இருந்த யாருக்கும் அடி பட்டிருக்கக் கூடாது. ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது. சீட்டில் கண்ணுக்குத் தெரிகிற சேதம் இருக்கக் கூடாது. இந்த ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் அது 'சிறு விபத்து', சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்கிறார்கள். ஒன்று தவறினாலும் மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் இதைவிடக் கறாராகச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் கணக்கு. உங்கள் நாத்தனாரின் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிட்டது. வெள்ளைக் கோட்டைச் சேர்த்தால் இரண்டு.

உறைக்கு அடியில் தலைப் பக்கம் தெர்மாகோல் மாதிரி ஒரு நுரைப் பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். தலை மோதும்போது அந்த நுரை நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் அதோடு அதன் வேலை முடிந்தது, திரும்பப் புடைத்து எழாது. விபத்துக்குப் பிறகு குழந்தையைப் பரிசோதிக்கக் கொண்டுவந்த ஒரு தம்பதி, அதே சீட்டில்தான் அவனைத் திரும்பக் கூட்டிப்போகப் போகிறோம் என்றார்கள். பையனுக்கு ஒன்றுமில்லை, சீட்டும் பார்க்கப் புதுசாகவே இருந்தது. உறையைக் கழற்றிப் பார்ப்போம் என்று கழற்றினால், நுரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்திருந்தது. உறையின் இழுவிசையில்தான் இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. அந்த அப்பா துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து யார் பழைய சீட் என்று வந்தாலும் நான் முதலில் உறையைத்தான் கழற்றச் சொல்கிறேன்.

துவைத்தது வேறு ஒரு பிரச்சினை

திட்டுவதற்காகச் சொல்லவில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்று செய்திருக்கிறீர்கள். ஆனால் விபத்தே நடந்திருக்காவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அந்த வார்களை நான் மாற்றச் சொல்லியிருப்பேன். விபத்தின்போது குழந்தையைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு விரல் அகல நாடாதான். ப்ளீச் அதன் இழையைப் பலவீனப்படுத்தும், மெஷினில் போட்டு முறுக்கினால் நெசவும் நீளமும் மாறும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, ஏன், முன்னைவிட வெள்ளையாகக் கூட இருக்கும். ஏறக்குறைய எல்லாக் கையேடும் சொல்வது ஒன்றுதான்: வாரைத் தண்ணீரில் ஊறவைக்காதே, ஈரத்துணியும் மிதமான சோப்பும் வைத்துத் துடை, நிழலில் காயவிடு, இஸ்திரி போடாதே. உறை வேறு, வார் வேறு. உறையைத் துவைக்கலாம், எப்படித் துவைப்பது என்பது அதன் ஓரத்தில் தைத்திருக்கும்.

காலாவதி தேதி தந்திரமா?

உங்கள் கணவர் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது, நானும் முன்னால் அப்படித்தான் நினைத்தேன். மருந்துக்குக் காலாவதி இருக்கலாம், பிளாஸ்டிக் நாற்காலிக்கு என்ன காலாவதி? அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. குறித்த நாள் நள்ளிரவு தாண்டியதும் சீட் உடைந்துபோகாது. எல்லா நாட்டிலும் இந்தத் தேதியை அச்சடிப்பதும் இல்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தயாரித்த நாளிலிருந்து ஆறு முதல் பத்து வருடம் வரை ஒரு வரம்பு வைக்கிறார்கள், அது மாடலுக்கு மாடல் மாறும்.

ஆனால் காரணமில்லாமல் வைக்கவில்லை. கார் சீட் வாழ்வது வீட்டுக்குள் இல்லை. வெயிலில் நிறுத்தின காருக்குள் கை வைக்க முடியாத சூடு, அப்புறம் ஏசி, இரவில் குளிர், மறுநாள் மறுபடி சூடு. இப்படி வருடக்கணக்கில் ஏறி இறங்கினால் பிளாஸ்டிக் வளைகிற தன்மையை இழந்து நொறுங்கும் பக்கம் போகும். உங்கள் வீட்டில் வெயிலில் கிடந்த பழைய துணிக் கிளிப் கையில் எடுத்ததும் பட்டென்று உடையும் இல்லையா, அந்தக் கதைதான். பக்கிளுக்குள் அழுக்கு சேரும், ஸ்பிரிங் தளரும். இதற்கு நடுவில் பாதுகாப்பு விதிகளும் மாறிவிடுகின்றன. ஐரோப்பிய நாடுகளில் ஆர்44 என்ற விதியின் 01, 02 பதிப்புச் சீட்டுகளைப் பயன்படுத்தவே கூடாது, 03, 04 மட்டும்தான் செல்லும். 2013-இல் ஆர்129 என்ற புது விதி வந்தது, ஐ-சைஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில்தான் பக்கவாட்டு மோதல் சோதனையும் சேர்ந்தது.

தேதியை எங்கே பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்பக்கமும் அடியிலும் பாருங்கள். லேபிள் இருந்தால் அதில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும், சிலவற்றில் 'இந்தத் தேதிக்குப் பிறகு பயன்படுத்தாதீர்கள்' என்று பிளாஸ்டிக்கிலேயே பதித்திருப்பார்கள். உங்கள் நான்காவது படத்தில் லேபிள் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது, ஆனால் அதற்குக் கீழே, நாணயம் அளவில் ஒரு வட்டம் தெரிகிறது பாருங்கள், கடிகாரம் மாதிரி சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்பு, அம்புக்கு இருபக்கமும் இரண்டு இலக்கங்கள். அந்த பிளாஸ்டிக் எந்த மாதம், எந்த வருடம் வார்க்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. அம்பு காட்டுவது மாதம், பக்கத்து இலக்கங்கள் வருடம். காலாவதியைக் கணக்கிட லேபிளில் உள்ள தேதிதான் சரியானது என்றாலும், லேபிள் போனபின் வயதை ஊகிக்க இது உதவும். லேபிள் போன சீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. தயாரிப்பாளர் ஏதாவது குறை கண்டுபிடித்து அந்த மாடலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தால், உங்களுடையது அதில் சேருமா என்று பார்க்க வழியே இருக்காது.

இணையத்துச் சீட்

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் இன்னொருவரிடம் பழையதாக வாங்கியிருக்கலாம், தெரியாததைத் தெரியாமலே மறைத்திருக்கலாம். மூன்று மாதம் பயன்படுத்தியதைப் பாதி விலைக்கும் கீழே ஏன் தருகிறார் என்பதும் உறுத்துகிறது, குழந்தை மூன்று மாதத்தில் அந்தச் சீட்டை மீறி வளர்ந்துவிடாது. லேபிளின் படம், தயாரித்த தேதி, முதலில் வாங்கிய ரசீது, 'இந்தச் சீட் எந்த விபத்திலும் இருந்ததில்லை, நாங்கள் மட்டுமே பயன்படுத்தினோம்' என்று எழுத்தில் ஒரு வரி, இவ்வளவும் கேளுங்கள். எழுத்தில் வாங்குவது பின்னால் தகராறு வந்தால் உதவும், அதைவிட, எழுதித் தரச் சொன்னதும் பலருக்கு ஞாபகசக்தி கூடிவிடும். உங்கள் நாத்தனாருக்கே கோட்டைக் காட்டின பிறகுதானே ஞாபகம் வந்தது? நீங்கள் இரண்டு முறை கேட்டும் லேபிள் படம் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு விட்டுவிடுங்கள். அங்கீகார முத்திரையே இல்லாத, வெறும் துணியும் நாடாவுமாகத் தைத்த மடக்குச் சீட்டுகளும் இணையத்தில் உலவுகின்றன, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தோழியின் சீட்டில் என்ன பார்ப்பது

இவரிடம் உங்களுக்குத் தேவையான முக்கியமான ஒன்று இருக்கிறது: புதிதாக வாங்கிய நாளிலிருந்து அந்தச் சீட்டின் கதை முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர், நீங்கள் தினமும் பார்க்கிற ஆளும் கூட. நேராகக் கேளுங்கள். விபத்து ஏதாவது நடந்ததா, சின்னதாக இருந்தாலும்? வேறு யாருக்காவது இரவல் கொடுத்தீர்களா? விமானத்தில் சரக்கோடு போட்டீர்களா? வார்களை எதில் கழுவினீர்கள்? (இதைக் கேட்க மறக்காதீர்கள், நீங்கள் செய்ததை அவரும் செய்திருக்கலாம்.)

அப்புறம் உறையைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். பிளாஸ்டிக்கை முழுக்க விரலால் தடவிப் பாருங்கள், வார் நுழைகிற துளைகளின் ஓரங்களில் நிதானமாக. நுரையில் விரிசலோ பெயர்ந்த இடமோ இருக்கக் கூடாது. வாரை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக உருவிக்கொண்டே போங்கள், பிசிறு, வெட்டு, முறுக்கு எதுவும் தட்டக் கூடாது. பக்கிளைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் 'கிளிக்' என்று சத்தமாகப் பிடிக்க வேண்டும், மாட்டிய பிறகு இழுத்தால் வரக் கூடாது. பக்கிள் மந்தமாக இருந்தால் உள்ளே தின்பண்டத் துணுக்குகள் போயிருக்கும். கையேடு அனுமதித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இன்னும் அழுக்கைத்தான் இழுக்கும்.

கையேட்டில் உள்ள படத்தோடு ஒவ்வொரு பாகத்தையும் ஒப்பிடுங்கள். ஏதாவது குறைந்தால் தயாரிப்பாளரிடமே கேட்டு வாங்க வேண்டும், வேறு சீட்டின் கிளிப்பையோ தனியாக விற்கிற குஷனையோ வைத்துச் சமாளிக்கக் கூடாது. அந்தச் சீட்டோடு சோதிக்கப்படாத எதுவும் அதில் சேரக் கூடாது. அப்படியே மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் இலவசமாகவே சரிசெய்து தருவார்கள். இனி வரும் அறிவிப்பு உங்களுக்கு வர வேண்டுமே, அதனால் உங்கள் பெயரிலும் பதிவுசெய்துகொள்ளுங்கள், முதல் உரிமையாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரே ஒரு சந்தேகம். அது கைப்பிடியோடு தூக்கிப் போகிற பிறந்த குழந்தைக்கான சீட்டா, இல்லை பின்பக்கமும் முன்பக்கமும் திருப்பிப் போடக்கூடியதா என்று நீங்கள் எழுதவில்லை. முதல் வகை என்றால் உங்கள் மகளுக்குச் சில மாதங்களில் போதாமல் போய்விடும், பெரும்பாலும் எடைக்கு முன்னால் உயரம்தான் தாண்டும். அப்போது அதற்காக இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. இரண்டாவது வகை என்றால் இன்னும் சில வருடம் ஓடும். எதுவானாலும் வாங்குவதற்கு முன் உங்கள் காரில் மாட்டிப் பாருங்கள். பெல்ட்டோ ஐசோஃபிக்ஸோ (கார் இருக்கையிலேயே இருக்கிற உலோக வளையங்களில் சீட்டை நேராக மாட்டும் முறை) இறுக்கிய பிறகு, பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. அசைந்துகொண்டே இருந்தால் சீட் நல்லதுதான், உங்கள் காருக்குப் பொருந்தவில்லை.

இது எதுவும் ஒத்துவரவில்லை என்றால், விலை குறைந்த புதுச் சீட் ஒன்றை வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற எந்தச் சீட்டும், மலிவானதும் கூட, அதே மோதல் சோதனையில் தேறித்தான் விற்பனைக்கு வருகிறது. கூடுதல் விலையில் பெரும்பகுதி மெத்தென்ற துணிக்கும், சுழலும் அடிப்பகுதிக்கும், பாட்டில் வைக்கிற குழிக்கும் போகிறது. பழைய உயர்ரகச் சீட்டா, புது எளிய சீட்டா என்று கேட்டால், கதை தெரியாத உயர்ரகத்தைவிட எளிய புதுசைத்தான் நான் எடுப்பேன்.

ஒரு வயதில் திருப்ப வேண்டாம்

பிறந்தநாள் முடிந்ததும் முன்பக்கம் பார்க்க வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள், இது பழைய ஆலோசனை. இப்போது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது, பின்பக்கம் பார்த்த நிலைக்கு அந்தச் சீட் அனுமதிக்கும் எடை, உயர வரம்பு வரும்வரை அப்படியே வைத்திருங்கள் என்பதுதான். ஆர்129 விதியில் 15 மாதத்துக்கு முன்னால் திருப்பவே கூடாது. ஸ்வீடனில் நான்கு வயது வரை கூடப் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைக்கிறார்கள்.

காரணம் கழுத்து. பிறக்கும்போது குழந்தையின் தலை மட்டும் உடல் நீளத்தில் கால் பங்கு இருக்கும், ஒரு வயதிலும் உடம்போடு ஒப்பிட்டால் பெரிய தலைதான். அதைத் தாங்குகிற கழுத்தெலும்புகள் இன்னும் முழுசாக எலும்பாக மாறவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கையில் கார் மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பறக்கும், அந்த இழுப்பு முழுக்கக் கழுத்தில் விழும். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகில் அழுந்தும். கால் மடங்குகிறதே என்று கவலைப்படுவீர்கள், எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். மடங்கட்டும், குழந்தைக்கு அது அசௌகரியமே இல்லை, தரையில் உட்காரும்போது அவள் காலை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்று பாருங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் மட்டும் இப்படிப் போட்டுவிடாதீர்கள், விரிகிற பை நேராகச் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், அறையும்.

வார் எந்தத் துளையிலிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் படத்தில் அது தப்பாக இருக்கிறது. பின்பக்கம் பார்க்கும்போது தோள் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ. மாட்டிய பிறகு தோளருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பாகப் பிடிக்க முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், வேண்டுமென்றால் மேலே போர்த்திவிடலாம்.

மாமியாருக்கு

அவர் சொல்வது பொய்யில்லை, மடியில்தான் எல்லோரும் வளர்ந்தோம், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை என்பதுதான் அந்த வாதத்தில் உள்ள ஓட்டை. கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி, அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியின் சிறு பங்கில் உள்ளே இருப்பவர்கள் மீது அவரவர் எடையைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு விசை விழும். உங்கள் எட்டரை கிலோ மகளைப் பிடிக்க 170 கிலோவைப் பிடிக்கிற கை வேண்டும். அதோடு பெல்ட் போடாத பெரியவர் என்றால் அவர் எடை குழந்தையை முன்சீட்டோடு நசுக்கும்.

கார் சீட் சட்டத்தை முதலில் கொண்டுவந்த அமெரிக்க மாநிலம் டென்னசி, 1978-இல் அது அமலுக்கு வந்தது. அதற்காக மல்லுக்கு நின்றவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். சட்டம் நிறைவேறும்போது 'தாய் கையில் வைத்திருந்தால் சீட் தேவையில்லை' என்று ஒரு விலக்கைச் செருகிவிட்டார்கள். பாசமாகத் தெரிகிற அந்த விதிக்கு அவர் வைத்த பெயர் 'குழந்தை நசுக்கி'. 1981-இல் அதை நீக்க வைத்த பிறகுதான் ஓய்ந்தார். மாமியாரிடம் எண்ணைச் சொல்வதைவிட இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், ஓட்டப்போவது நீங்கள், உட்காரப் போவது குழந்தை தனியாக, அப்போது மடி யாருடையது என்று கேளுங்கள்.

இடையில் சீட் கிடைக்கும்வரை அந்தப் பழையதில் போய்வரட்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்கள். பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள், நாலு நாள் கணவரோ நீங்களோ குழந்தையோடு வீட்டில் இருந்துகொள்ள முடியுமா பாருங்கள், இல்லையென்றால் தோழியிடம் சீட்டை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். வெடிப்பு விட்ட சீட், துவைத்த வார், இரண்டையும் நம்பித் தினமும் போவதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது

'உங்கள் சீட் மோசம்' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் தன் இரண்டு பிள்ளைகளை அதில்தான் வைத்தார், அதில் குறை என்றால் தன்மேல் குறை என்று கேட்கும். வார்களைத் துவைத்தது நீங்கள், அதையே முதலில் சொல்லுங்கள்: "அக்கா, நான் தெரியாமல் வாரை ப்ளீச்சில் போட்டுவிட்டேன், டாக்டர் இனி பயன்படுத்தக் கூடாது என்கிறார்." பாதி உண்மைதான், ஆனால் முழு உண்மையான பாதி. விபத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவர் அதே பாசத்தோடு அடுத்த உறவுக்காரருக்குக் கொடுத்துவிடுவார். அந்தச் சமயத்திலேயே கேட்டிருந்தால் பல இடங்களில் காப்பீட்டிலேயே புதுச் சீட்டுக்குப் பணம் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள், அடுத்த தடவை உதவும்.

அதனால் திருப்பிக் கொடுக்காதீர்கள், அப்படியே குப்பையிலும் வைக்காதீர்கள். வாசலில் கிடந்தால் யாராவது நல்ல சீட் என்று எடுத்துப் போவார்கள், நீங்களே இவ்வளவு யோசித்திருக்கிறீர்களே. வார்களைக் கத்தரியால் துண்டாக வெட்டி, உறையைக் கிழித்து, பிளாஸ்டிக் மேல் மார்க்கரால் 'விபத்தில் சேதமானது' என்று பெரிதாக எழுதி அப்புறம் போடுங்கள். நாடா தடிமனானது, சாதாரணக் கத்தரி திணறும். அந்த வேலையை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள், அவருடைய அக்கா சீட்தானே.